தம் கட்டாமல் நீந்துவது: வயிற்று மூச்சுப் பழக ஒரு செய்முறை

கை கால் அடிப்பது எனக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. மூச்சு பிடிபட நான்கு மாதம் ஆயிற்று. தேவகோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், 42-ஆம் வயதில், சுரைக்குடுக்கைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிய எனக்கு, மேட்டில் நின்ற அம்மான் சொல்லித் தந்த பாடம், "தம்மைக் கட்டிக்கிட்டு அடிடா" என்பது ஒன்றுதான். ஏழெட்டு வயதில் பழகியவர்களுக்குத் தண்ணீருக்குள் தாங்கள் மூச்சை விட்டுக்கொண்டே போவது தெரிவதில்லை. நானோ சொன்னதை அப்படியே நம்பித் தம் கட்டினேன். பத்துக் கை வீசுவதற்குள் நெஞ்சு அடைத்துப் படிக்கல்லைப் பற்றிக்கொண்டேன்.

மூச்சுமுட்டும் உணர்வு பெரும்பாலும் உயிர்க்காற்று தீர்ந்துபோவதால் வருவதில்லை. இரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால் வருகிறது. தம் கட்டி நீந்துகிறவர், முகம் வெளியே வரும் அந்த ஒரு நொடிக்குள் பழைய காற்றை விடவும் வேண்டும், புதியதை இழுக்கவும் வேண்டும். இரண்டுக்கும் நேரம் போதாமல் தோளைத் தூக்கி நெஞ்சின் மேற்பகுதியில் ஒரு மிடறு மட்டும் இழுப்பார்; அடுத்த வீச்சில் திணறுவார். இதற்கு மருந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கூரைபோல் வளைந்திருக்கும் உதரவிதானத்தை வேலை வாங்குவது. அது சுருங்கித் தாழும்போது நுரையீரலின் அடிப்பகுதி நிறைகிறது. கீழே இருக்கும் உறுப்புகள் தள்ளப்படுவதால் வயிறு முன்னே வருகிறது. வயிறு எழுவது விளைவுதான், செயல் அன்று. இந்த வேறுபாடு புரியாமல் நான் இழந்த நாள்கள் பல.

முதலில் தரையில் பழக வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிந்தபின், கெட்டியான தரையில் முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். மெத்தை வேண்டாம், முதுகு அமிழ்ந்துவிடும். எங்கள் வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளிர்ச்சியாக இருக்கும். அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஒரு கிலோ அரிசியைத் துண்டில் முடிந்து தொப்புளின்மேல் வையுங்கள். (அந்தக் கோலத்தில் என்னைக் கண்ட அப்பத்தா, வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்.) மூக்கால் இழுக்கும்போது மூட்டை எழ வேண்டும், விடும்போது தாழ வேண்டும்.

நான் சறுக்கியது இங்கேதான். மூட்டை எழ வேண்டும் என்றவுடன் வயிற்றுத் தசையால் அதை உந்திவிட்டேன். மூட்டை அழகாக எழுந்தது, காற்று உள்ளே போகவில்லை. மூன்று வாரம் இப்படியே பழகிவிட்டுக் கிணற்றில் இறங்கினால் பழைய திணறல்தான். நீங்கள் செய்வது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு மூட்டையை முன்போலவே எழுப்பிப் பாருங்கள். அப்போதும் அதே அளவு எழுந்தால் நீங்கள் உந்துகிறீர்கள் என்று பொருள். உதரவிதானம் எங்கே இருக்கிறது என்று உணர, விலா எலும்பு முடியும் வளைவுக்குக் கீழே விரல் நுனிகளை வைத்து, மல்லிகையை முகர்வதுபோல் மூக்கால் சட்டென்று இருமுறை உறிஞ்சுங்கள். விரலுக்கடியில் ஏதோ துள்ளும். அதுதான் அசைய வேண்டிய இடம்.

உந்தும் பழக்கத்தை விடுவதற்கு, இழுப்பதை மறந்துவிட்டு விடுவதிலிருந்து தொடங்குங்கள். உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை மெல்ல ஊதி, இரண்டு எண்ணும் வரை சும்மா இருந்தால், அடுத்த மூச்சு அழைக்காமலே அடிவயிறு வரை இறங்கும். நீங்கள் தடுக்காமல் இருந்தால் போதும். அடிவிலாக்கள் பக்கவாட்டில் விரிவதையும் கையால் உணரலாம். காலையும் மாலையும் பத்து நிமிடம் செய்யுங்கள். படுத்துச் செய்வது கைவந்தபின் உட்கார்ந்து, பிறகு நின்று செய்யுங்கள்.

அடுத்தது அண்டா. அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, முகத்தை அமிழ்த்தி, மூக்கால் சீராகக் குமிழி விடுங்கள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் இழுங்கள். குமிழி ஒரே சரமாக வர வேண்டும். நீண்ட மூச்சுக்குப் பப்பாளி இலைக் காம்பால் சொம்புத் தண்ணீரில் ஊதிப் பழகுவதும் நல்லதே. பால் போகக் கழுவிக்கொள்ளுங்கள். மூக்குக் கிளிப் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மூக்கால் விடுவதற்குப் பழகுகிறவர் மூக்கையே அடைப்பதில் பொருளில்லை. நீச்சல் கண்ணாடி ஒன்று போதும்.

பிறகு மார்பளவுத் தண்ணீர். குடிநீர் ஊருணியில் இறங்கக் கூடாது என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாயில் சேறும் கொடியும் இருக்கும். ஆளரவமற்ற பாழுங்கிணற்றில் நச்சு வாயு தேங்கியிருக்கலாம். படி உள்ள பயன்பாட்டுக் கிணறோ நீச்சல் குளமோதான் தகும். தண்ணீரின் அழுத்தம் வயிற்றையும் நெஞ்சையும் அமுக்குவதால், விடுவது எளிதாகவும் இழுப்பது தரையைவிடக் கடினமாகவும் இருக்கும். பழகியது மறந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். விளிம்பைப் பிடித்து, அமிழ்ந்து, மூன்று எண்ணும் வரை விட்டு, எழுந்து இழுங்கள். இருபது முறை இடைவிடாமல் செய்தும் இரைப்பு வராவிட்டால் நீந்தத் தொடங்கலாம்.

முக்குளிப்பதற்கு இதே மூச்சுதான் அடிப்படை. முதலில் வயிறு, பிறகு நெஞ்சு என்று ஒரே ஒரு முறை நிதானமாக நிரப்பிக்கொண்டு இறங்குங்கள். பலமுறை வேகமாக இழுத்துவிட்டு இறங்குவது ஆபத்தான வழக்கம்: அதனால் உயிர்க்காற்று பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயுதான் குறைகிறது, எச்சரிக்கை மணியே அறுந்துபோய், மூச்சுமுட்டாமலே நீருக்குள் நினைவு தப்பும். கரையில் நீந்தத் தெரிந்த ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்காமல் முங்காதீர்கள். காது அழுந்தினால் மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுங்கள். சளி இருந்தால் இறங்கவே வேண்டாம். ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையைச் சுமந்து நீருக்குள்ளேயே மூச்சு விடும் முறை, பழகப் போகிறவர்களுக்கு விதி நேர்மாறு: அங்கே மூச்சை அடக்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு; அங்கிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று இருமடங்காக விரியப் பார்த்து அதைக் கிழித்துவிடும்.

பிற்சேர்க்கை: தரைப் பயிற்சியில் தலை சுற்றுவதாக இருவர் எழுதியிருந்தனர். அது மிகையாக இழுப்பதன் அறிகுறி. நிறுத்திவிட்டு வழக்கமாக மூச்சு விடுங்கள், மறுநாள் அளவைக் குறையுங்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள்.

இன்னொருவர், தரையிலும் அண்டாவிலும் சரியாக வந்த மூச்சு கிணற்றில் மட்டும் வயிற்றுக்கு இறங்க மறுக்கிறது என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் யோசித்த பிறகு கேனைப் பற்றி விசாரித்தேன். நழுவிவிடக் கூடாதென்று மணிக்கயிற்றால் தொப்புளுக்கு நேரே இறுக்கிக் கட்டியிருந்தாராம். வயிறு எப்படி விரியும்? கயிற்றை விட்டுவிட்டு அகலமான துண்டால் கட்டச் சொன்னேன். மூச்சை முழுதாக இழுத்து வயிறு விரிந்திருக்கும்போதே முடிச்சிட வேண்டும். அப்போதும் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும்.