கம்ப்யூட்டரைப் பெட்டிக்குள் பூட்டும் முன் மேசையில் ஓட்டிப் பாருங்கள்

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடையில் மதர்போர்டு (எல்லாப் பாகமும் மாட்டும் முதன்மைப் பலகை) வாங்கினால் அங்கேயே பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் மூடியைத் திறந்து பாருங்கள். எல்ஜிஏ 1700 போன்ற இன்டெல் சாக்கெட்டில் பின்கள் போர்டில்தான் இருக்கும். போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் வளைந்த பின் வரிசை விலகித் தெரியும். வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடித்தால் யார் வளைத்தது என்ற வழக்குதான் மிஞ்சும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும்.

போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே அதை வையுங்கள். பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம் போதும்; பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் மட்டும் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். நான்கு ஸ்லாட் போர்டுகள் பெரும்பாலானவற்றில் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில்தான் ஒற்றை ரேம் போட வேண்டும். போர்டுக்கு 24 பின், பிராசஸருக்கு 8 பின் என இரண்டு பவர் கேபிளும் வேண்டும். 8 பின்னை விட்டால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பவர் சுவிட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி இணைத்தால் ஓடத் தொடங்கும். டிடிஆர்5 ரேம் என்றால் முதல் முறை திரை வரச் சில நிமிடம்கூட ஆகலாம். பதறி அணைக்காதீர்கள்.

அடுத்து, பென்டிரைவிலிருந்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை நான்கு சுற்று ஓட்டுங்கள். எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடாமலே ஒரு பிழை வந்தாலும், மற்ற ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். பிழை கூடவே வந்தால் ரேமைத் திருப்பிக் கொடுங்கள்.

மல்டிமீட்டரில் பவர் சப்ளையின் 12 வோல்ட் வயர் (வழக்கமாக மஞ்சள்) 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். சும்மா ஓடும்போது அல்ல, லோடு கொடுத்து அளந்து பாருங்கள். பிராசஸர் சூட்டை மதுரைச் சித்திரை வெயிலில், மதியம் இரண்டு மணிக்குச் சோதியுங்கள். ஏசி அறையில் எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.