இங்கிலாந்தில் வயிற்றுக் கோளாறா? ஊர் மாத்திரையை முதலில் எண்ணிப் பாருங்கள்

ஊரில் நெஞ்செரிச்சல் பத்து நாள் தாண்டினால் நேரே கேஸ்ட்ரோ டாக்டரிடம் டோக்கன் போடுவோம். மறுநாள் வெறும் வயிற்றோடு போனால் எண்டோஸ்கோப்பியும் முடிந்துவிடும். இங்கே எல்லாம் ஜிபி என்ற குடும்ப டாக்டர் வழியாகத்தான். வந்த வாரமே பக்கத்து சர்ஜரியில் (ஜிபி கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பதிந்துவிடுங்கள். காசு கிடையாது, முகவரிச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பவும் கூடாது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள், அதுவும் இலவசம்.

கிடைப்பது சுமார் 10 நிமிடம். "கேஸ்ட்ரிக்" என்று நம்மூர் பாணியில் சொன்னால் இங்கே யாருக்கும் எதுவும் விளங்காது. எரிச்சல் எங்கே, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில், எத்தனை வாரமாக, எடை இறங்கியதா என்று சீட்டில் எழுதிப் போங்கள். விழுங்கச் சிரமம், மலத்தில் ரத்தம் என்றால் அதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். ரத்த வாந்தியோ, தார் மாதிரி கறுத்த மலத்தோடு மயக்கமோ வந்தால் ஜிபிக்குக் காத்திருக்காமல் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

இனி, பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். தீராத எரிச்சலுக்கு முதலில் எழுதும் சோதனைகளில் ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கானது: மலத்தில் பார்ப்பார்கள், அல்லது அடையாளமிட்ட கரிமம் (கார்பன்) கொண்ட யூரியா கொடுத்து மூச்சை ஊதச் சொல்வார்கள். கிருமி அந்த யூரியாவை உடைத்தால் அந்தக் கரிமம் மூச்சில் வெளிவரும். ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை விழுங்கிக்கொண்டே போய் ஊதினால்? மாத்திரை கிருமியைக் கொல்லாது, அடக்கி மட்டும் வைக்கும். முடிவு "இல்லை" என்று வரும், கிருமியோ உள்ளேயே இருக்கும். அதனால் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகைகளை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். "மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்கிறோம், தினமும் காலையில் போடுவது நமக்கு மருந்தாகவே தோன்றாததால்! மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். முன்பு அல்சரில் ரத்தம் கசிந்தவர்களும் ஆஸ்பிரின் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் பான்டோபிரசோல் வகைகளை நிறுத்த வேண்டாம்.

ஊரில் பேதிக்கு மெட்ரோனிடசோல் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். கிருமி இருந்தால் 7 நாள் கொடுக்கும் சிகிச்சையில் அந்த மருந்தும் வரலாம். முன்பே பழகிய கிருமி அதற்கு மசியாமல் போகக்கூடும்.

உப்புசம், பேதி, ரத்தசோகை என்றால் சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். இதிலும் அதே வம்பு, தலைகீழாக. கோதுமைதான் காரணமோ என்று யாரோ சொல்லக் கேட்டு முன்கூட்டியே சப்பாத்தியை நிறுத்திவிடுவோம். அல்லது மூன்று வேளையும் இட்லி, சோறு, இடியாப்பம். குளூட்டனே உள்ளே போகாவிட்டால் ரத்தத்தில் தேடும் எதிர்ப்பொருளும் குறைந்துவிடும், நோய் இருந்தாலும் முடிவு சுத்தமாக வரும். சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல், சப்பாத்தியோ ரொட்டியோ கோதுமைப் புட்டோ சாப்பிட வேண்டும். அரிசி மாவு இடியாப்பம் கணக்கில் வராது.

சீலியாக் என்று உறுதியான பிறகு கோதுமையோடு பெருங்காய டப்பாவையும் எடுத்துப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவுதான் கலந்திருக்கும்.