சுற்றுலாப் பாடத்தை ஒரு தெருவிலிருந்து படிக்கும் முறை

பினாங்கில் தொழிற்கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஓய்வுநேரமும் சுற்றுலாவும் தொடர்பான பாடத்தை எடுத்திருக்கும் நம் பிள்ளைகளில் பலர், அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பாடமாகவே எண்ணி முதல் பருவத்தைக் கடத்திவிடுகிறார்கள். பிறகு களப்பணி, பயண நிரல், நடைமுறைத் தேர்வு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, படித்த வரையறைக்கும் கண்ணெதிரே நடப்பதற்கும் தொடர்பு தெரியாமல் திணறுகிறார்கள். மாலை வேளைகளில் இப்பாடத்தில் மாணவர்களுக்கு உதவி வருபவன் என்ற முறையில் நான் சொல்லும் வழி இதுதான்: ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், பாடத்தின் ஒவ்வொரு பகுதியையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜார்ஜ்டவுனில் இருப்பவர்களுக்கு, குயின் தெரு மகாமாரியம்மன் கோவிலில் தொடங்கி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் வரையிலான சிறு வட்டாரமே போதும். நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரும், 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், குவான் இன் சீனக் கோவிலும் அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கின்றன. கோலாலம்பூர்ப் பக்கம் படிப்பவர்கள் பத்துமலையை எடுத்துக்கொள்ளலாம். 272 படிகளும் 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையும் எத்தனையோ கேள்விகளுக்கு இடம் தரும்.

முதலில் வரையறைகள். சிங்கப்பூரிலிருந்து வந்து ஓர் இரவாவது இங்கே தங்குபவர் சுற்றுலாப் பயணி. ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் காலையில் கப்பலிலிருந்து இறங்கி, மாலையில் அதே கப்பலில் ஏறிப் போய்விடுபவர் ஒருநாள் வருகையாளர். பக்கத்துக் கெடா மாநிலத்தின் அலோர்ஸ்டாரிலிருந்து வந்து தங்கும் குடும்பம் உள்நாட்டுச் சுற்றுலாக் கணக்கில் சேரும். இதே தீவின் பாயான் பாருவில் குடியிருப்பவர் மாலையில் ஜார்ஜ்டவுன் கடற்கரைத் திடலான பாடாங் கோத்தாவில் காற்று வாங்குவது ஓய்வுநேரச் செயல்தான். தம் வழக்கமான சூழலை விட்டு அவர் வெளியேறவில்லையாதலால் அது சுற்றுலா ஆகாது. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்று கேட்டால், தங்குபவர் அறைக்கும் இரவு உணவுக்கும் காலைப் பசியாறலுக்கும் செலவழிக்கிறார் என்பதுதான் விடை. 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டவரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வாங்கப்படுவதும் அந்தத் தங்கலை வைத்துத்தான்.

அடுத்து, ஒரு குறிப்பேட்டுடன் கோவில் வாசலுக்கு எதிரே ஒரு மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. எங்கே தயங்கி நின்றார்கள், எதைப் படம் எடுத்தார்கள், செருப்பை எங்கே விட்டார்கள், நிழல் தேடி எந்தப் பக்கம் ஒதுங்கினார்கள், கழிப்பறைக்கு வழி கேட்டார்களா என்பதையெல்லாம் நேரத்தோடு எழுதுங்கள். ஒரு முறை வெயில் ஏறிய வேளையில், வயதான வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கால் வைத்தவுடன், சூடு தாங்காமல் பின்வாங்கியதை நானும் ஒரு மாணவியும் பார்த்தோம். அந்த மாணவி தன் இடுபணியில் வசதிகள் என்ற பகுதிக்குக் கீழே, வருகையாளர்களைக் காலையிலேயே அழைத்து வர வேண்டும், காலுறை வைத்துக்கொள்ளும்படி முன்னதாகவே சொல்ல வேண்டும் என்று இரண்டு வரி எழுதினாள். ஒரு சுற்றுலாத் தலத்துக்கு வேண்டியவை என்று பாடம் சொல்லும் ஈர்ப்பு, அணுகுவசதி, தங்குமிடம், வசதிகள், நடவடிக்கைகள் என்ற ஐந்தும் வெறும் பட்டியல் அல்ல என்பதை அவளுக்கு அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பயண நிரல் தயாரிப்பதில்தான் மதிப்பெண்கள் அதிகம் சிந்துகின்றன. வரைபடத்தில் தூரம் பார்த்து நேரம் போடுவதே காரணம். என்னிடம் வந்த ஒரு நிரலில், வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் என்று அழகாக எழுதப்பட்டிருந்தது; ஜும்ஆ தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அங்கே இடமிருக்காது என்பது அந்தத் தம்பிக்குத் தோன்றவே இல்லை. நம் கோவில்களும் பெரும்பாலும் உச்சிப் பூசைக்குப் பின் நடை சாத்தி, மாலையில்தான் திறக்கும். பினாங்கு மலை எனப்படும் கொடிமலைக்கு 204ஆம் எண் பேருந்தில் அனுப்புவதாக இருந்தால், பேருந்து நேரத்தோடு மலை ரயிலுக்கான வரிசையையும் கணக்கிட வேண்டும். பள்ளி விடுமுறை நாளில் அந்த வரிசையின் நீளம் வேறு. ஆகவே நிரலை எழுதியபின், அதே கிழமையில் அதே நேரத்தில் ஒரு முறை நீங்களே நடந்து பாருங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் உடன் வருவதாக நினைத்துக்கொண்டு நடங்கள்.

சுற்றுலாவின் விளைவுகள் என்ற தலைப்பில், நன்மை தீமை என்று இரண்டு கட்டம் போட்டு நிரப்புவது மேலோட்டமான படிப்பு. ஜார்ஜ்டவுன் 2008இல் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.  ஆனால் பழைய கடைவீடுகளிலிருந்து குடும்பங்கள் வெளியேறியது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பல ஆண்டுகளாக வாடகையைக் குறைவாகவே வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தபோது, வாடகை உயர்ந்து பலர் இடம்பெயர்ந்தார்கள். எல்லாப் பழியையும் சுற்றுலாவின் தலையில் போடும் விடையும், எல்லாவற்றையும் வளர்ச்சி என்று கொண்டாடும் விடையும் எது முன், எது பின் என்ற இந்த வரிசையைக் கவனிப்பதில்லை. கடைத்தெருவில் நீண்டகாலமாகத் தொழில் செய்யும் பெரியவர்களிடம், வியாபாரம் ஓய்ந்த வேளை பார்த்து, "ஐயா, ஐந்து நிமிடம் பேசலாமா?" என்று அனுமதி கேட்டு, அவர்கள் சொல்வதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சில் கிடைக்கும் ஒரு விவரம், பாடநூலின் ஒரு பத்தியைவிட உங்கள் விடைக்கு வலு சேர்க்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு இப்பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் வருவதால், பொருள் பிடிபடாமலே சொற்கள் மனத்தில் ஏறிவிடும். குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று நெடுவரிசைகள் வரைந்து, பெலாஞ்சோங், டூரிஸ்ட், சுற்றுலாப் பயணி என்றும், பெலாவாட் ஹரியான், எக்ஸ்கர்ஷனிஸ்ட், ஒருநாள் வருகையாளர் என்றும் எழுதி வாருங்கள். தமிழில் புரிந்துகொண்டு தேர்வு மொழியில் எழுதுவதே எளிதான வழி.

வழிகாட்டியாக வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள், கல்லூரிச் சான்றிதழ் மட்டும் அதற்குப் போதாது என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, வழிகாட்டிகள் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். நகர வழிகாட்டிக்கு நீல அட்டையும் இயற்கை வழிகாட்டிக்குப் பச்சை அட்டையும் உண்டு. அதற்கான பயிற்சி தனி.

நடைமுறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அம்மாவையோ தங்கையையோ அதே கோவில் வாசலுக்கு அழைத்துச் சென்று, மூன்று நிமிடம் தாளைப் பார்க்காமல் விளக்கிச் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் வேறு பக்கம் திரும்பிப் பார்த்தார்களோ, அந்த இடத்தைக் குறிப்பேட்டில் கோடிட்டு, அன்று இரவே திருத்தி எழுதுங்கள். தொழிற்பயிற்சிக்கான நேர்காணலுக்குப் போகும்போதும் அந்தக் குறிப்பேட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.