அமெரிக்க நர்ஸிங் போர்டு: லைசென்ஸ் வாங்குவதும் அதைக் காப்பாற்றிக்கொள்வதும்

"அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ்" என்று ஒன்று கிடையாது. டெக்சஸ் லைசென்ஸ் உண்டு, நியூயார்க் லைசென்ஸ் உண்டு, கலிஃபோர்னியா லைசென்ஸ் உண்டு. 1903-இல் வட கரோலினா மாநிலம் நர்ஸ் பதிவுக்கு முதல் சட்டம் போட்டது. அதிலிருந்து இன்றுவரை நர்ஸுக்கு அனுமதி தருவதும் பறிப்பதும் மாநிலத்தின் வேலைதான். ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் நர்ஸிங் தொழிலுக்கென ஒரு சட்டம் இயற்றி, அதை நடைமுறைப்படுத்த ஒரு போர்டை அமர்த்தியிருக்கிறது. நம் தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குவதைப் போலத்தான். படித்தது சரியா என்று பார்ப்பது, தேர்வெழுத அனுமதிப்பது, லைசென்ஸ் தருவது, புதுப்பிப்பது, புகார் வந்தால் விசாரிப்பது எல்லாமே அந்த போர்டின் கையில்.

அதனால் லைசென்ஸுக்காக எழுத வேண்டிய என்க்ளெக்ஸ் தேர்வின் கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் எந்த மாநிலம் என்று முடிவு செய்யுங்கள். தேர்வு எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். தேர்வு அறை வாசல்வரை உங்களை விடுவதா வேண்டாமா என்பதுதான் போர்டுக்கு போர்டு மாறும்.

எந்த மாநிலம்?

நியூயார்க்கில் நர்ஸ் லைசென்ஸை மாநிலக் கல்வித் துறை தருகிறது. அமெரிக்க அரசு ஆளுக்கொன்றாகத் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். லைசென்ஸும் முதல் பதிவும் சேர்த்து 143 டாலர். தொற்றுத் தடுப்பு, குழந்தை வதையை அடையாளம் காண்பது என்று இரண்டு சிறு வகுப்புகளை ஆன்லைனில் முடித்துச் சான்று காட்ட வேண்டும். இந்தியாவில் இருந்தபடியே எழுதுபவர்களில் பலர் இந்த மாநிலத்தைப் பிடிப்பதற்குக் காரணம் அந்த எண் விஷயம்தான்.

கலிஃபோர்னியா அப்படியில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ, வரி செலுத்துவோர் எண்ணோ இல்லாமல் விண்ணப்பம் நகராது. அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு பாடத்தின் தியரியும் கிளினிக்கலும் ஒரே காலத்தில் நடந்திருக்க வேண்டும் என்ற விதி. குழந்தைகள் நலப் பாடத்தை ஒரு வருடம் படித்துத் தேர்வெழுதிவிட்டு, அதற்கான வார்டு போஸ்டிங்கை அடுத்த வருடம் முடித்திருந்தால், இரண்டையும் ஒழுங்காக முடித்திருந்தும் "குறை உள்ளது" என்று கடிதம் வரும். அந்தப் பாடத்தை போர்டு அங்கீகரித்த கல்லூரியில் மறுபடி படித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். நம் பக்கத்து நர்ஸுகளும் பிலிப்பைன்ஸ் நர்ஸுகளும் ஏராளமாக மாட்டிக்கொண்ட இடம் இது. உங்கள் கல்லூரியின் ரொட்டேஷன் அட்டவணையைக் கையில் வைத்துப் பார்த்த பிறகே கலிஃபோர்னியாவைப் பற்றி யோசியுங்கள்.

டெக்சஸ் உங்கள் படிப்பைப் பாடம் பாடமாக மதிப்பிட்ட அறிக்கையைக் கேட்கும். ஆங்கிலத் தேர்வு கேட்கும். தன் மாநில நர்ஸிங் சட்டத்தில் 50 கேள்விகள் கொண்ட தனித் தேர்வு ஒன்றும் வைக்கும். இதற்குப் பலன் உண்டு. டெக்சஸ் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்த உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது; மேலே சொன்ன மற்ற இரண்டும் இல்லை. ஒப்பந்த மாநிலத்தில் குடியிருந்து, அதன் நிபந்தனைகளையும் பூர்த்தி செய்தவர் ஒரே லைசென்ஸில் எல்லா உறுப்பு மாநிலங்களிலும் வேலை பார்க்கலாம்.

ஆங்கிலத் தேர்வு கேட்காத போர்டைத் தேடி அலைவதில் லாபம் குறைவு. வேலை விசாவுக்கான விசாஸ்கிரீன் சான்றுக்கு இந்தியாவில் படித்தவர் ஆங்கிலத் தேர்வு எழுதியே ஆக வேண்டும்.

இனிஷியல் என்னும் தலைவலி

விண்ணப்பம் நிற்கிற இடம் பெரும்பாலும் படிப்பு அல்ல, பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கவிதா எஸ்." டிகிரியில் "எஸ். கவிதா." பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, குடும்பப் பெயர் செல்வராஜ். கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் செல்வராஜ் போய்க் கணவர் பெயர். நமக்கு இது ஒரே ஆள். அமெரிக்கக் கணினிக்கு நான்கு பேர். சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தையே காலியாக விட்டிருப்பார்கள். அவர்களுக்கு விசாவில் முன்பெயர் "தெரியாது" என்று அச்சாகி வரும்.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள்; குடும்பப் பெயர் கட்டத்தில் இனிஷியலின் முழு விரிவோ கணவர் பெயரோ இருக்கட்டும். அதற்குப் பிறகு போர்டு, மதிப்பீட்டு நிறுவனம், தேர்வு நடத்தும் பியர்சன் வியூ மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே கொடுங்கள். பழைய சான்றிதழ்களை மாற்ற அலைய வேண்டாம். எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு அஃபிடவிட், கூடவே திருமணச் சான்றிதழ். தேர்வன்று பாஸ்போர்ட் பெயரும் பதிவுப் பெயரும் ஒத்துவராவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். கட்டிய பணமும் திரும்பாது.

கல்லூரியிலிருந்தும் கவுன்சிலிலிருந்தும் போக வேண்டியவை

நீங்கள் கையில் எடுத்துப் போய்க் கொடுக்கும் டிரான்ஸ்கிரிப்டுக்கு மதிப்பில்லை. பல்கலைக்கழகமோ கல்லூரியோ நேரடியாக அனுப்ப வேண்டும். வாங்குவது பெரும்பாலும் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனமான, பிலடெல்ஃபியாவில் உள்ள சி.ஜி.எஃப்.என்.எஸ். (இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது).

நம் மார்க் ஷீட்டில் மதிப்பெண் இருக்கும், மணிநேரம் இருக்காது. அவர்களுக்கு வேண்டியது மணிநேரம்தான். பெரியவர்களுக்கான மெடிக்கல்-சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் என்ற நான்கிலும் தியரி எவ்வளவு, கிளினிக்கல் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். "சைக்கியாட்ரி போஸ்டிங் முடித்தார்" என்று மட்டும் இருந்தாலோ, மனநல மணிநேரத்தைச் சமூக நலப் பாடத்தோடு சேர்த்துப் போட்டிருந்தாலோ ஃபைல் அங்கேயே நிற்கும். கல்லூரி அலுவலகத்தில் படிவம் நிரப்புபவரிடம் உறையை ஒட்டும் முன் ஒரு முறை காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். அரை மணி நேர வேலை, சில மாதங்களை மிச்சப்படுத்தும்.

அடுத்தது பதிவுச் சரிபார்ப்பு. சென்னையில் பதிந்தவருக்குத் தமிழ்நாடு கவுன்சிலிலிருந்து போக வேண்டும். பெங்களூரில் படித்து அங்கே முதலில் பதிந்து, பிறகு தமிழ்நாட்டுக்கு மாற்றிக்கொண்டவர் கர்நாடகக் கவுன்சிலையும் கேட்க வேண்டும். துபாயிலோ சவுதியிலோ வேலை பார்த்து உரிமம் வைத்திருந்தால் அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள், காலாவதியாகியிருந்தாலும் சரி. விட்டுவிட்டால் மறதி என்று போர்டு எடுத்துக்கொள்ளாது, தகவலை மறைத்ததாகவே எடுத்துக்கொள்ளும். இங்கே பதிவு காலாவதியாகிக் கிடந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

போர்டுகள் இப்படிச் சந்தேகப்படுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஃபுளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டது 2023 ஜனவரியில் வெளியே வந்தது. அதை வைத்துத் தேர்வெழுதி வேலையில் இருந்தவர்களின் லைசென்ஸைப் பல மாநிலங்கள் ரத்து செய்தன.

பின்னணிச் சோதனைக்காகக் கேட்கும் கைரேகை ஒரு சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் ஒரு ஷிஃப்டில் நூறு முறை கை கழுவி, சானிடைசர் தேய்க்கும் விரலில் ரேகை மங்கித்தான் இருக்கும். ரேகை பதித்த அட்டை "படிக்க முடியவில்லை" என்று திரும்பி வரும். லீவு நாளில், முந்தைய இரவு விரலில் மாய்ஸ்சரைசர் தடவி, காலையில் துடைத்துவிட்டு எடுங்கள். ஒன்றுக்கு இரண்டு அட்டையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்க்ளெக்ஸ்

போர்டுக்கு விண்ணப்பம், பியர்சன் வியூவில் பதிவு இரண்டையும் செய்ய வேண்டும். பதிவுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுத மேலும் 150 டாலரும் வரியும். போர்டு தகுதி உண்டென்று சொன்ன பிறகு மின்னஞ்சலில் தேர்வனுமதி வரும். அதற்குக் கெடு தேதி உண்டு, நீட்டிக்க மாட்டார்கள். தவறவிட்டால் மறுபடி பணம் கட்ட வேண்டும். சென்னையிலேயே தேர்வு மையம் இருக்கிறது.

ஐந்து மணி நேரம். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. அதில் 15 சோதனைக் கேள்விகள், மதிப்பெண்ணில் சேராது. எவை என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாகும், தப்பாகச் சொன்னால் எளிதாகும். 85 முடிந்ததும், நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று 95 சதவீத உறுதி கிடைத்த நொடியில் கணினி நின்றுவிடும். ஆகவே 85-இல் நின்றால் பாஸ் என்பதும், 150 வரை போனால் ஃபெயில் என்பதும் ஹாஸ்டல் கதை. கடைசிவரை போனவர் கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறார், அவ்வளவுதான். பதில் போட்ட கேள்விக்குத் திரும்ப முடியாது.

2023 ஏப்ரல் முதல் கேஸ் ஸ்டடி வந்துவிட்டது. ஒரு நோயாளியின் சார்ட், லேப் ரிப்போர்ட், நர்ஸ் குறிப்பு எல்லாம் திரையில் இருக்கும். அதன்மேல் ஆறு கேள்விகள். இப்படி மூன்று கேஸ் கட்டாயம் வரும். நம்மவர்கள் இங்கே சறுக்குவதற்குக் காரணம் பாட அறிவுக் குறைவு இல்லை. நம் வார்டில் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்வதோடு நர்ஸ் வேலை முடியும். இந்தத் தேர்வோ டாக்டர் வருவதற்கு முன் நீ என்ன செய்வாய் என்று கேட்கும். மூச்சுத் திணறும் நோயாளிக்குத் "டாக்டருக்குத் தெரிவி" என்பதை முதல் விடையாகத் தேர்ந்தால் பெரும்பாலும் தப்பு. தலையை உயர்த்தி உட்கார வைப்பது முதலில் வரும்.

தோற்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். எத்தனை முறை, எத்தனை வருடத்துக்குள் என்பதை அந்தந்த போர்டு முடிவு செய்யும். பாஸானதும் எல்லா போர்டும் உடனே லைசென்ஸ் தராது. சில போர்டுகள் சோஷியல் செக்யூரிட்டி எண் வந்த பிறகே எண் ஒதுக்கும்.

பிறகு வேறு மாநிலம் போக நினைத்தால் தேர்வை மறுபடி எழுத வேண்டாம். புது போர்டுக்கு விண்ணப்பித்து, நர்சிஸ் தளத்தில் 30 டாலர் கட்டிப் பழைய லைசென்ஸைச் சரிபார்க்கச் செய்தால் போதும். ஆனால் படிப்புப் பத்திரங்களைப் புது போர்டு தன் விதிப்படி மறுபடி பார்க்கும். நியூயார்க் வழியாகப் போனால் கலிஃபோர்னியாவின் தியரி-கிளினிக்கல் விதியிலிருந்து தப்பலாம் என்ற கணக்கு எடுபடாது. ஒப்பந்த மாநிலத்திலிருந்து இன்னொரு ஒப்பந்த மாநிலத்துக்குக் குடிமாறினால் 60 நாளுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும்.

லைசென்ஸ் வந்த பிறகு

கலிஃபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், 30 மணி நேரத் தொடர்கல்வி. டெக்சஸில் அதே இரண்டு வருடத்துக்கு 20 மணி நேரம். நியூயார்க்கில் மூன்று வருடப் பதிவு. தொடர்கல்விச் சான்றிதழ்களை நான்கு வருடம் வரை பத்திரமாக வைத்திருங்கள். தணிக்கைக்குக் குருட்டாம்போக்கில் பெயர் எடுப்பார்கள். முகவரி மாறினால் டெக்சஸுக்குப் பத்து நாளுக்குள், கலிஃபோர்னியாவுக்கு 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். இதில் அலட்சியம் செய்தவர்களுக்குப் புகார் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போய், பதில் சொல்லும் கெடு முடிந்திருக்கும்.

புகாரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்: நோயாளி, குடும்பத்தார், மேலாளர், கூட வேலை பார்ப்பவர். அடிக்கடி வருபவை: கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகச் சார்ட்டில் எழுதுவது, மருந்து அலமாரியிலிருந்து எடுத்த ஓபியாய்டு (கடும் வலிக்கான போதை வகை மருந்து) அளவும் நோயாளிக்குப் போன அளவும் ஒத்துவராதது, பொறுப்பேற்ற நோயாளியை இன்னொரு நர்ஸிடம் ஒப்படைக்காமல் கிளம்புவது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டதைச் சொல்லாமல் விடுவது. வலி மருந்தில் மீதியைக் கொட்டும்போது பக்கத்து நர்ஸ் பார்க்காமலே சாட்சிக் கையெழுத்துப் போடும் பழக்கம் இரண்டு லைசென்ஸையும் ஒன்றாக மாட்டிவிடும்.

ஆள் பற்றாக்குறையில் தாங்க முடியாத பொறுப்பைத் தலையில் கட்டும்போது டெக்சஸ் நர்ஸுக்கு ஒரு கவசம் உண்டு, "சேஃப் ஹார்பர்" என்பார்கள். வேலையை ஏற்கும் முன், தேதி, நேரம், யார் ஒதுக்கியது, ஏன் பாதுகாப்பில்லை என்று எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். விரிவான விண்ணப்பத்தை அந்த ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் முன் எழுதித் தர வேண்டும். நல்லெண்ணத்தோடு கேட்டவரை அதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஏதாவது நடந்த பிறகு, மறுநாள் எழுதினால் இந்தக் கவசம் கிடையாது.

விசாரணைக் கடிதம் வந்தால் போனில் விளக்கம் சொல்லிக் கொண்டிருக்காமல் நர்ஸ் லைசென்ஸ் வழக்குகள் நடத்தும் வக்கீலைப் பாருங்கள். சார்ட்டைத் தொடாதீர்கள், பின்னால் சேர்த்த ஒரு வரி, முதல் தப்பைவிடப் பெரிய வழக்காகும். வழக்கை முடிக்க போர்டோடு உடன்பட்டுக் கையெழுத்திடும் ஆணை பொதுமக்கள் பார்க்கும் பதிவாகிவிடும்.

"லைசென்ஸை ஒப்படைத்துவிட்டு வேறு மாநிலம் போய்விடலாம்" என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். விசாரணை நடக்கும்போது ஒப்படைப்பதும் தண்டனையாகவே தேசியத் தரவுவங்கியில் ஏறும்; அடுத்த மாநில போர்டு அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் விண்ணப்பத்தைத் திறக்கும். ரத்தான லைசென்ஸைத் திரும்பக் கேட்க டெக்சஸில் குறைந்தது ஒரு வருடமும், கலிஃபோர்னியாவில் பொதுவாக மூன்று வருடமும் காத்திருக்க வேண்டும்.