பருத்தித் துணியில் மஞ்சிட்டிச் சிவப்பு: படிகாரம் பிடித்தால்தான் சாயம் பிடிக்கும்

இயற்கைச் சாயம் நிற்பதில்லை என்று குறைப்படுவோரில் பலர் சாயத்தைப் பழிக்கிறார்களே தவிர, சாயத்தில் இறக்குவதற்கு முன் துணியைப் பக்குவப்படுத்தினோமா என்று பார்ப்பதில்லை. கம்பளியும் பட்டும் புரத இழைகள் என்பதால் படிகாரத்தை நேரடியாகவே ஏற்றுக்கொள்ளும். பருத்திக்கு அந்த இயல்பு குறைவு. ஆகவே முதலில் கடுக்காயின் துவர்ப்பை ஏற்றி, அதன்மேல் படிகாரத்தை ஏற்றி, அதற்கும் பிறகே மஞ்சிட்டி என்னும் கொடியின் வேர் தரும் சிவப்புச் சாயத்துக்கு வர வேண்டும்.

கீழ்க்காணும் அளவுகள் 100 கிராம் உலர்ந்த துணிக்கு உரியவை. எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரமே நல்லது. இரும்புச் சட்டி நிறத்தைக் கறுக்கச் செய்துவிடும். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள்.

2 கிராம் சலவைச் சோடாவும் சிறிது சோப்பும் கரைத்த நீரில் துணியை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். உலர்ந்தபின் ஒரு சொட்டு நீர் விட்டால் அது உடனே உள்ளிழுக்கப்பட வேண்டும். முத்துப்போல் உருண்டு நின்றால் இழையில் மெழுகு மிச்சமிருக்கிறது என்று பொருள், மீண்டும் கொதிக்கவைக்க வேண்டும். கோடித் துணிக்குப் பெரும்பாலும் இரண்டு முறை தேவைப்படும்.

15 கிராம் கடுக்காய்த் தூளை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, அதில் துணியை ஓர் இரவு ஊறவைத்துப் பிழியுங்கள். இளமஞ்சள் நிறம் ஏறியிருக்கும். அலச வேண்டாம்.

அடுத்ததுதான் நிதானம் வேண்டிய கட்டம். 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்துக்கொண்டு, 2 கிராம் சலவைச் சோடாவை வேறு பாத்திரத்தில் தனியாகக் கரைத்து, அதைப் படிகார நீரில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் நுரை சீறிக்கொண்டு எழும். அது அடங்கிய பிறகே அடுத்த அளவை ஊற்ற வேண்டும் என்பதால் பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். படிகார நீரின் புளிப்புத்தன்மையைச் சோடா குறைப்பதால்தான் படிகாரத்திலுள்ள அலுமினியம் பருத்தியில் நன்றாகத் தங்குகிறது. துணியை மடிப்பின்றி முழுவதும் மூழ்கவிட்டு, முதல் ஒரு மணி நேரம் அடிக்கடி புரட்டிக்கொடுத்து, ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு நன்றாக உலர்த்தி, சாயமிடும் முன் அலசுங்கள். ஒட்டாத படிகாரம் துணியிலேயே இருந்தால் அது சாய நீரில் கலந்து, துணிக்குப் போக வேண்டிய நிறத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும்.

மஞ்சிட்டியில் தூளைவிட வேர்த்துண்டுகளையே நான் விரும்புகிறேன். தூள் இழைகளுக்கிடையில் சிக்கிப் புள்ளிகளை உண்டாக்கும். 100 கிராம் துண்டுகளை முந்தைய இரவே ஊறவைத்து, மெல்லிய துணியில் முடிந்து அந்த நீரிலேயே போடுங்கள். நனைத்த துணியை இறக்கி, ஒரு மணி நேரத்தில் மெதுவாக 70 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவந்து, இன்னும் ஒரு மணி நேரம் அதே சூட்டில் வைத்து, ஆறும்வரை அப்படியே விடுங்கள். கொதிக்கவிட்டால் சிவப்பில் பழுப்பு கலக்க இடமுண்டு. நிழலில் உலர்த்தி, சில நாள் கழித்து மிதமான சோப்பில் துவையுங்கள்.

பின்சேர்க்கை: துணியில் கரும்புள்ளிகள் விழுவதாகச் சிலர் எழுதியிருந்தனர். நீரிலோ துருப்பிடித்த வாளியிலோ உள்ள இரும்பு, கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது. வடிகட்டிய மழைநீரைப் பயன்படுத்திப் பாருங்கள். வேண்டுமென்றே அடர்நிறம் விரும்புவோர் சாயமிட்ட துணியை 1 கிராம் அன்னபேதி (ஓர் இரும்பு உப்பு) கரைத்த நீரில் சில நிமிடங்கள் முக்கியெடுக்கலாம். அளவு கூடினால் நாளடைவில் இழை நைந்துபோகும்.