பாக் வருவதற்கு முன்பே பேச்சு முடிந்துவிட்டது: பழைய ஆல்பம் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணன் மகன் போன மாதம் கேட்டான். "சித்தப்பா, பழைய ஆல்பம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, முழுசா கேக்கணும்." இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' கேளுடா என்றேன். 1986இல் வந்தது. படம் கிடையாது, பாடல் வரி கிடையாது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக ராஜா செய்த வாத்திய இசை. மறுநாளே வந்து, "கேட்டுட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்றான். அந்த 'தான்' என்னை உறுத்தியது. போனை வாங்கிப் பார்த்தேன். வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிள் பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அந்த ஆல்பத்தில் ஒரு துண்டின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக்கை என் வீட்டில் பார்த்தேன். அடுத்த துண்டு, '...அண்ட் வீ ஹேட் எ டாக்'. உட்கார்ந்து பேசினோம். முதலாவதில், பாக் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டா என்கிற பல பகுதி கொண்ட இசைத்தொகுப்பின் தொடக்கப் பகுதி ஓடுகிறது. அது ஓட ஓடவே ராஜாவின் தந்தி வாத்தியங்கள் சுற்றி வந்து உட்காருகின்றன, வந்த விருந்தாளியைச் சுற்றி வீட்டு மனிதர்கள் கூடுவது போல. இவனுக்கு ஷஃபிளில் முதலில் பேச்சு முடிந்திருக்கிறது. அப்புறம் நாலு துண்டு தள்ளி பாக் வாசலில் வந்து நிற்கிறார். பிறகு எப்படி 'நல்லாத்தான்' இருக்காமல் போகும்?

பழைய ஆல்பத்தில் வரிசையும் இசையின் ஒரு பகுதி. எல்.பி. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான். எதைக் கொண்டு தொடங்குவது, எதை முடிவில் வைத்தால் கேட்பவர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடுவார் என்று யோசித்து அடுக்கியிருப்பார்கள்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1967இல் வந்த 'கால் ஆஃப் த வேலி'. சிவ்குமார் சர்மாவின் சந்தூர் (சின்னக் குச்சிகளால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்), ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கித்தார். காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள்தான் கதை. ஹிந்துஸ்தானியில் ராகங்களுக்குப் பொழுது உண்டல்லவா, அதையே கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். ஆஹிர் பைரவில் விடிகிறது. பீலு, பூப், தேஸ் என்று பொழுது நகர்ந்து பஹாடியில் முடிகிறது. ஐந்தே துண்டு. இதை ஷஃபிளில் போட்டால் அந்த இடையனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. பின்னாளில் வந்த குறுந்தகட்டில் கூடுதலாகச் சில துண்டுகளைச் சேர்த்தார்கள். அவை நல்ல வாசிப்புதான். ஆனால் ஆட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பியவனை மறுபடி எழுப்பி உட்காரவைக்கிற காரியம் அது. முதலில் வந்த தட்டில் எத்தனை துண்டு இருந்தது என்று பார்த்து, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை வேறொரு நாள் கேட்கலாம்.

பட்டியலைப் பிடித்துக்கொண்டு கேட்பது அடுத்த தவறு. 'சாவதற்குள் கேட்க வேண்டிய' வகைப் பட்டியலை இறக்கி, தினம் மூன்று ஆல்பம் என்று டிக் அடித்துக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் ஒரு மெட்டுகூட வாயில் வராது. நான் 'ஹவ் டு நேம் இட்?'டை முதலில் கேட்டபோது, சரி, ராஜாவுக்கு ஏதோ ஆசை, செய்து பார்த்திருக்கிறார் என்று கேசட்டை மேசைக்குள் போட்டுவிட்டேன். அடுத்த முறை தூக்கம் வந்தது. மூன்றாவது முறை கரண்ட் போன ஒரு ராத்திரி, பேட்டரி டேப் ரெக்கார்டரில். வி.எஸ். நரசிம்மனின் வயலின் எந்த இடத்தில் சுரத்தை அசைத்து வாசிக்கும் கர்நாடகக் கமகத்துக்குள் நழுவுகிறது, எந்த இடத்தில் நிமிர்ந்து நேர்கோடாக நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. அதன்பின் ஒரு மாதம் வேறு எதுவும் கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு ஆல்பம் போதும். பிடிக்காவிட்டால் எடுத்து வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம்.

பட்டியலுக்குப் பதில் ஆளைப் பிடித்துக்கொண்டு போவது நல்ல வழி. காஷ்மீரத்து இடையனுக்குக் குழல் ஊதிய அதே சௌராசியா, 1988இல் ராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்துக்கும் ஊதியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் கேட்டுப் பாருங்கள், மூச்சு ஒன்றேதான் என்பது தெரியும். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படிக்காமல் விட்டால் இந்த வழியெல்லாம் கண்ணில் படாது. போனில் கேட்பவர்கள் அந்த உறைப் படத்தைத் தேடி எடுத்தாவது படிக்க வேண்டும்.

அடுத்து, 'எந்தப் பதிப்பாக இருந்தால் என்ன' என்கிற நினைப்பு. ஜாஸ் உலகமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் வந்தது. ஒலிப்பதிவன்று நாடா எந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடுமே! அப்படி முதல் பக்கத்தின் மூன்று துண்டுகளும் சற்றுத் தூக்கலான சுருதியிலேயே உலகம் முழுக்க ஒலித்தன. 1992இல்தான் திருத்திய பதிப்பு வந்தது. 33 வருடம்! தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்களெல்லாம் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி என்றால், யாரோ பழைய கேசட்டிலிருந்து யூடியூபில் ஏற்றியதை என்னவென்று சொல்ல. குரல் மெலிந்து கீச்சென்று ஒலித்தால் பாடகரைக் குறை சொல்லாதீர்கள். உறையில் அச்சிட்ட நேரத்தையும் திரையில் காட்டும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். பழைய பதிவின் ஒலியைச் சீர்செய்து மறுபடி வெளியிட்டது என்ற பொருளில் 'ரீமாஸ்டர்' என்று போட்டிருந்தாலே மேல் என்பதும் இல்லை. சிலவற்றில் எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்குத் தூக்கிவிட்டு, மெல்லிய இடங்களை மெல்லியதாக இருக்கவிடாமல் செய்துவிடுகிறார்கள்.

சாமான் வாங்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்பத்தின் மேல் ஆசை வருவதற்கு முன்னால் ரெக்கார்டு பிளேயர் வாங்காதீர்கள். பெட்டி வடிவில் மலிவாக வரும் பிளேயர்கள் பலவற்றில் ஊசி அழுத்தமாக உட்காரும், தட்டு சீக்கிரம் தேயும். பழைய தட்டு வாங்கினால் உறையிலிருந்து வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறலைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சையும் இருக்கும். ஒரு கடையில் உறையின் அழகில் மயங்கி அப்படியே வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தால் உள்ளே சத்யநாராயண பூஜை விளக்கம், இரண்டு பக்கமும். வாங்கியதை நிற்கவைத்து அடுக்குங்கள். படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினால் வளைந்துபோகும்.

பழசு பிடித்துப்போனவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு, அதில் எனக்கும் பங்குண்டு. இரண்டு நல்ல ஆல்பம் கேட்டதுமே "இப்பல்லாம் எங்க சார் மியூசிக்" என்று தொடங்கிவிடுவோம். எதிரில் இருக்கிற பையன் அந்த நிமிடமே காதை மூடிக்கொள்வான்.

கடைசியாக, பரணில் கிடக்கும் கேசட்டுகள். கிடைத்த சந்தோஷத்தில் உடனே பிளே பொத்தானை அழுத்தாதீர்கள். வருடக்கணக்கில் சுற்றியபடியே கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு அப்புறம் போடுங்கள். கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துவாங்கிய கேசட் என்றால், மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள், அதன்பின் யாரும் தெரியாமல் அதன்மேல் பதிவு செய்ய முடியாது.

எங்கள் மாமா உடைக்கவில்லை. அவருடைய 'நத்திங் பட் விண்ட்' கேசட்டில், சௌராசியா ஒரு நீண்ட மூச்சை இழுத்துக்கொண்டு மேலே போகிற இடத்தில் டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஐந்து வயதுப் பையன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறான். ஏழில், "டேய், யார்றா அந்த சிவப்பு பட்டனை அழுத்தினது!" என்று மாமாவின் குரல். மறுபடி டக். குழல் தொடர்கிறது. மாமா போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது சுத்தமான பதிப்பு போனிலேயே கிடைக்கிறது, ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் ஏழு வரை எண்ணிவிட்டுக் காத்திருக்கிறேன்.