பெக்கோ வர்றதுக்கு முன்னாடி: மலைச்சரிவுல ஸூ ஒண்ணுக்கு லேண்ட்ஸ்கேப் போடுறது எப்படி

நம்ம இலங்கை மலைநாட்டுப் பக்கம் யாராவது மிருகம் பறவை வச்சு ஒரு பார்க் போடணும்னு சொன்னா மொதல் வேலையா மண் வெட்டுற பெக்கோ மெஷின கூப்பிட்டு சரிவ வெட்டித் தட்டையாக்கிடுறாங்க, அதுக்கப்புறம் சுத்தி கம்பி வேலி, நடுவுல கொஞ்சம் புல்லு, ஓரத்துல ரெண்டு குரோட்டன், முடிஞ்சிச்சு. நானும் இந்த வேலைக்கு வந்த புதுசுல அட்டன் பக்கத்துல ஒரு எடத்துல ஆடும் போனிக் குதிரையும் வைக்க இப்பிடித்தான் செஞ்சு குடுத்தேன். மூணே நாள்ல ஆடுங்க நான் நட்ட கன்னு அத்தனையோட தோலையும் உரிச்சுத் தின்னுருச்சு. ஜூன் மாச மழைல வெட்டின மண்திட்டு ராத்திரியோட ராத்திரியா சரிஞ்சு வேலியையும் இழுத்துட்டுப் போயிருச்சு, விடிஞ்சு போய்ப் பாத்தா ஆடெல்லாம் தேயிலைக்குள்ள நிக்குது. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அந்தத் திட்டுக்குக் கீழ ஆள் போற பாதை இருந்திச்சு, அத நெனச்சா இப்பவும் மனசு பதறும். அதனாலதான் இத எழுதுறேன். ஸூவுக்கு லேண்ட்ஸ்கேப் போடணும்னா நம்ம கைல இருக்கிற பெரிய சொத்தே அந்தச் சரிவுதான், அத வெட்டாதீங்க.

எடத்த மொதல்ல மழைல போய்ப் பாருங்க. அட்டன், தலவாக்கலை, நோர்வூட் பக்கம்னா தென்மேல் மழை பிடிக்கிற நேரத்துல, வெலிமடை, பண்டாரவளை பக்கம்னா வருஷக் கடைசி மழைல. குடைய பிடிச்சிட்டு ஒரு மணி நேரம் நின்னா தண்ணி எங்க இருந்து வருது, எங்க தேங்குது, எந்த எடத்துல மண்ணோட கலங்கி ஓடுதுன்னு தெரிஞ்சிரும். பழைய தோட்டக் காணியா இருந்தா அந்தக் காலத்துல தண்ணி ஓட வெட்டின கான் கண்டிப்பா இருக்கும், அத மூடவே கூடாது, மண்ண வாரி சுத்தப்படுத்தி அதையே வடிகாலா வச்சுக்கலாம். கல்லுக்கட்டு இருந்தா அதையும் ஒடைக்காதீங்க. கட்டடம் எதுவும் எழுப்புறதுக்கு முன்னாடி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துகிட்ட மண்சரிவு பத்தின அனுமதிய எடுத்துருங்க, நுவரெலியா, பதுளை, கண்டி மாதிரி மாவட்டத்துல அது இல்லாம வேலைல எறங்கவே வேணாம்.

சரி, இப்ப சரிவால என்ன லாபம்னு பாப்போம். மிருகத்த மேல விடுங்க, பாக்க வர்ற ஆளுங்க போற பாதைய கீழ போடுங்க. பழைய காலத்து ஸூவுல கரடிய குழிக்குள்ள விட்டு மேல இருந்து ஆளுங்க எட்டிப் பாப்பாங்க, பார்க்கிறவனுக்கு அது ஏதோ கிணத்துல விழுந்த பொருள் மாதிரிதான் தெரியும், கைல இருக்கிறத வீசணும்னு தோணும், மிருகத்துக்கும் எப்பவும் தலைக்கு மேல ஆள் நிக்கிற பயம். அதே மிருகம் நம்ம கண் மட்டத்துலயோ அதுக்கு மேலயோ நின்னிச்சுன்னா சத்தம் போட்டுட்டு வந்த புள்ளைங்ககூட அமைதியா நின்னு பாக்கும். தட்டையான எடத்துல இதுக்கு லொறி லொறியா மண் கொட்டி மேடு கட்டணும், நமக்கு மேடு ஏற்கனவே இருக்கு. இன்னொண்ணு, கீழ நின்னு மேல பாக்கும்போது மிருகத்துக்குப் பின்னாடி மலைதான் தெரியும், எதிர்ப்பக்கம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு நிக்கிற கூட்டம் தெரியாது.

வேலிய மறைக்கிறது புது யோசனை இல்ல. ஜெர்மனில கார்ல் ஹாகன்பெக் 1907லயே ஹாம்பர்க்ல கம்பிக்குப் பதிலா அகழி வெட்டி, பாக்கிறவங்க கண்ணுக்கு அகழி தெரியாத மாதிரி மிருகங்கள வச்சாரு. அவரோட சகோதரர் ஜோன் ஹாகன்பெக் ஆரம்பிச்சதுதான் நம்ம தெஹிவளை ஸூ, 1936ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அப்புறம் 1973ல திறந்தவெளி முறைல தொடங்கின சிங்கப்பூர் ஸூவுக்கு ஆலோசகரா போனவர் தெஹிவளைய நடத்தின லின் டி அல்விஸ். இந்த வேலைல நம்ம நாட்டு ஆளுங்களுக்கும் பங்கு இருக்குன்னு நெனைக்கிறப்ப எனக்கு உண்மையிலேயே சந்தோஷமா இருக்கும். 1970கள்ல அமெரிக்காவுல சியாட்டில் ஸூவுல ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் நிறுவனம் இன்னும் ஒரு படி மேல போச்சு. மிருகம் இருக்கிற பக்கம் என்ன செடியோ அதே செடிய ஆள் நடக்கிற பக்கமும் நட்டாங்க, அதனால பாக்க வந்தவங்க தாங்களே அந்தக் காட்டுக்குள்ள நிக்கிற மாதிரி உணர்ந்தாங்க. நீங்களும் அதையே செய்யுங்க, மூங்கில் வச்சா ரெண்டு பக்கமும் மூங்கில், மரப்பன்னம் (மரம் மாதிரி வளர்ற பெரணி) வச்சா ரெண்டு பக்கமும் மரப்பன்னம், கோடு எங்க இருக்குன்னே கண்ணுக்குப் பிடிபடக் கூடாது.

அகழிய சரிவு மடியிற எடத்துல வெட்டுங்க, முன்னாடி ஒரு மேட்டு விளிம்பு விட்டா கீழ இருந்து பாக்கிறவனுக்குத் தெரியாது. வெட்டுறதுக்கு முன்னாடி குச்சி நட்டு கயிறு கட்டி, பெரிய ஆள் உயரத்துல மட்டும் இல்ல சின்னப் புள்ள உயரத்துல குந்திப் பாத்தும் சரி பண்ணுங்க. நம்ம மழைல அகழி ஒரு சீசன்லயே சேறு நெறஞ்சு ஆழம் கொறஞ்சிரும், ஆழம் கொறஞ்சா மிருகம் தாண்டிரும், அதனால மேல தண்ணி வர்ற வாய்ல மண் தங்குற தொட்டி ஒண்ணு வச்சு அடிக்கடி வாரணும். சிம்பன்சி மாதிரி வாலில்லாக் குரங்குக்கு நீச்சல் தெரியாது, பல ஸூவுல தண்ணி அகழில விழுந்து செத்திருக்கு, அதுக்குத் தண்ணி வைக்கிறதா இருந்தா ஓரம் ஆழமில்லாம சரிவா இருக்கணும், பிடிச்சு ஏற கயிறும் வலையும் இருக்கணும். சிறுத்தைக்கு அகழி மட்டும் பத்தாது, மேல வலை வேணும், வேலிக்குக் கிட்ட ஒரு கிளைகூட நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது.

இப்ப சொல்றதுதான் முதலாளிமாருக்குப் புரியவைக்க கஷ்டம். "காசு குடுத்து வர்றவனுக்கு மிருகம் தெரியணும், நீ என்ன பத்தையா நடுற"ன்னு கேப்பாங்க. ஆனா ஒளிய எடமில்லாத மிருகம் மூலைல ஒடுங்கிக் கிடக்கும், இல்லாட்டி ஒரே வழில போய்ப் போய் வரும். எவ்வளவு தூரத்துக்குள்ள ஆள் வந்தா ஓடும்னு ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு, சூரிச் ஸூவ நடத்தின ஹெடிகர் அத வெளக்கமா சொல்லியிருக்காரு, அந்தத் தூரத்துக்கு அது பின்வாங்க எடம் இருந்தாதான் நிம்மதியா வெளிய வந்து நிக்கும். மரைங்கிற பெரிய மானுக்குப் பொரள சேத்துக் குழி, சிறுத்தைக்கு உயரத்துல படுக்க கிளை, எல்லாத்துக்கும் மறைய ஒரு பத்தை. ஆளுங்களுக்கு நீளமா ஒரே கைப்பிடி போடாம, பாதைய வளைச்சு வளைச்சு கொண்டுபோய் சின்னச் சின்ன பாக்கிற எடமா, கூரை போட்டு வச்சுக் குடுங்க. நுவரெலியா குளிருக்கு ஒரு நல்ல வழி இருக்கு, ஆளுங்க நின்னு பாக்கிற கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கிற பாறைக்குள்ள சூடாக்குற வயர் பதிச்சு விட்டா பனில மிருகம் தானா வந்து அதுல படுக்கும், ஆளுக்கும் கிட்டத் தெரியும், மிருகத்துக்கும் சொகம்.

செடி விஷயத்துல அழக மட்டும் பாக்காதீங்க. ஹோட்டன் சமவெளில செவப்பா பூக்குற ரோடோடென்ட்ரான் மரம் எவ்வளவு அழகு, ஆனா அதோட எல ஆடு மானுக்கு வெஷம். அரளி, உண்ணிச்செடி, வீட்டு வாசல்ல தொங்குற மணிப்பூ ஊமத்தை, எல்லாமே அப்பிடித்தான். இதுல எத வச்சாலும் மிருகத்தோட வாயும் தும்பிக்கையும் எட்டாத வெளிப்பக்கத்துல வைங்க, உண்ணிச்செடிய எங்கயுமே வைக்காதீங்க, பரவிரும். கன்னுங்கள ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே தவறணைல (நாத்து வளக்குற எடத்துல) போட்டு வளக்கணும், காட்டுல போய் மரப்பன்னத்த தோண்டிட்டு வர்ற வேலை கூடவே கூடாது. உள்ள நிக்கிற மரத்தோட அடிய பெரிய கல்லு அடுக்கி மறைங்க, தண்டுக்கு ஆள் ஒசரத்துக்கு வலை சுத்துங்க.

கல்லு வைக்கிறப்ப நம்ம ரோட்டு வெட்டுல தெரியிற பாறைய பாத்துட்டு வாங்க, அதுல கோடு கோடா ஓடுற ரேகை எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கும். நீங்க வைக்கிற கல்லோட ரேகையும் அதே பக்கம் சாயணும், மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள போகணும், இல்லாட்டி லொறில இருந்து கொட்டின மாதிரியே இருக்கும். சீமெந்துப் பாறைக்குப் பச்சை பெயின்ட் அடிக்காதீங்க, ஒரு மழைக் காலம் போனா பாசி தானா வந்துரும். ஆனா அதே பாசி பாதைலயும் வரும், அதனால நடக்கிற எடத்துல கொங்கிரீட்ட வெளக்குமாத்தால இழுத்து சொரசொரப்பா விடுங்க.

வேலை செய்றவங்களுக்குத் தள்ளுவண்டி போற தனிப் பாதை பின்னாடி வேணும், அதுக்குப் பக்கத்துலயே பலா, முள்முருங்கை, புல்லுன்னு தீனிக்கு ஒரு தோட்டமும்.

மிருகத்த எறக்குறதுக்கு மொத நாள் சாயங்காலம் நீங்களே உள்ள போய் முட்டி போட்டு குந்தி, அது படுக்கப் போற எடத்துல இருந்து வெளிய பாருங்க. எங்கெல்லாம் ஆள் தலை வானத்துக்கு எதுரா கறுப்பா தெரியுதோ அங்க குச்சி நட்டு அடையாளம் வைங்க, அடுத்த நாள் விடிஞ்சதும் அந்த எடத்துல மூங்கில் வைங்க, அது முடிஞ்சப்புறம் மிருகம் இருக்கிற கூண்டத் தெறங்க.